ஆண்டுக்கணக்கும் அகவையும்: பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யும் குழந்தை உழைப்பின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

புறக்கணிக்கப்பட்ட குழந்தை இடர்களினூடே வளர்ந்து ஆளாவதைச் சொல்லும் நாவல் வகை ஐரோப்பாவில் தோன்றிப் பல மொழிகளிலும் பரவியது. தமிழில் இவ்வகையின் குறிப்பிடத்தக்க படைப்பு பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000). கொங்குப் பகுதியில் பண்ணயத்து ஆளாக விடப்பட்ட சிறுவன் ஒருவனின் வாழ்வைக் கூறும் இந்நாவலை, 1933 முதல் 2016 வரை குழந்தை உழைப்பைப் பற்றி இயற்றப்பட்ட சட்டங்களோடு இணைத்து இக்கட்டுரை வாசிக்கிறது. சட்டம் குழந்தையை அகவையால் அளந்தது. பண்ணய வழக்கமோ ஆண்டுக்கணக்கால் அளந்தது. இவ்விரு அளவைகளும் ஒன்றையொன்று சந்திக்காமற் போன இடைவெளியை நாவல் பதிவுசெய்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஒப்பீட்டிற்காகப் போடிநாயக்கனூர் ஏலமலைச் சரிவின் உழைப்புச் சூழலும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: கூளமாதாரி, பெருமாள்முருகன், வளர்ச்சி நாவல், பண்ணயம், குழந்தை உழைப்பு, ஏலமலை, போடிநாயக்கனூர்.

முன்னுரை

ஒரு மனிதன் சிறுவனாக இருந்து உலகியல் அறிந்து தன்னை உணர்ந்த ஆளாக மாறுவதைக் கதைப்பொருளாகக் கொள்ளும் நாவலை ஜெர்மானியத் திறனாய்வாளர் ‘பில்டுங்ஸ்ரோமான்’ என்றனர். கதேயின் ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’ (1795–96) இதன் முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லஸ் டிக்கன்ஸ் இவ்வகைக்குள் அனாதைக் குழந்தையையும் உழைக்கும் குழந்தையையும் கொண்டுவந்தார். பன்னிரண்டாம் அகவையில், 1824இல், காலணி மை செய்யும் தொழிற்கூடத்தில் வேலைக்கு அனுப்பப்பட்ட பட்டறிவு அவருக்கு இருந்தது. எனினும் அவருடைய சிறுவர்கள் பெரும்பாலும் மீட்கப்படுகின்றனர். மறைந்திருந்த உறவோ, சொத்துரிமையோ, கருணையுள்ள ஒரு முதியவரோ அவர்களைச் சமூகத்திற்குள் திரும்ப அழைத்துக்கொள்கிறார்கள். இடர் என்பது அங்கு ஒரு கட்டம், கடந்து செல்லக்கூடியது.

தமிழில் உழைக்கும் குழந்தையை மையமாகக் கொண்ட நாவல்கள் இத்தகைய மீட்பை எளிதில் வழங்குவதில்லை. இதனை ஆசிரியர்தம் அவநம்பிக்கை என்று மட்டும் விளக்கிவிட முடியாது. மீட்பிற்கான நிறுவனங்கள், அதாவது பள்ளி, சட்டம், கூலி, உறவு ஆகியவை, அக்குழந்தையின் வாழ்வில் எவ்வாறு இயங்கின என்ற வரலாற்று வினாவை அது எழுப்புகிறது. ‘கூளமாதாரி’யை அவ்வினாவோடு வாசிக்கலாம்.

திருச்செங்கோட்டுப் பகுதியில் 1966இல் பிறந்த பெருமாள்முருகன், ‘ஏறுவெயில்’ (1991), ‘நிழல்முற்றம்’ (1993) ஆகியவற்றை அடுத்து எழுதிய மூன்றாம் நாவல் இது. முதல் நாவல் நிலம் இழந்த உழவுக் குடும்பத்தையும், இரண்டாவது திரையரங்கைச் சுற்றிப் பிழைக்கும் இளைஞர்களையும் காட்டின. மூன்றாவது மேய்ச்சல் நிலத்திற்குச் சென்றது. வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2004இல் வெளிவந்து, மறு ஆண்டில் கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

நாவலை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் இரு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, இது புனைவு. தனியொரு நிகழ்ச்சிக்குச் சான்றாகாது. மற்றொன்று, இதனை எழுதியவர் உழவுக் குடும்பத்தில் பிறந்தவர். கதைத்தலைவனோ அருந்ததியச் சிறுவன். பாமாவின் ‘கருக்கு’ (1992) போன்ற தன்வரலாற்று எழுத்திலிருந்து இது இவ்வகையில் வேறுபட்டது. ஆனால் ஒரு வழக்கம் நாள்தோறும் எவ்வாறு இயங்கிற்று, அதற்குள் ஒரு குழந்தையின் பொழுது எவ்வாறு கழிந்தது என்பன ஆவணங்களில் அரிதாகவே கிடைப்பவை. அவற்றைத் தருவதால் நாவல் வரலாற்றாய்வுக்கு உரியதாகிறது.

பெயரும் உடலும்

நாவலின் சிறுவர்களுக்கு வழங்கும் பெயர்கள் கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி என்பன. குட்டையானவன், நெட்டையானவன், வயிறுடையது, காது கேளாதவள் என அனைத்தும் உடலைச் சுட்டும் பெயர்கள். மொழிபெயர்ப்பாளரும் இவற்றை ஒலிபெயர்க்காமல் பொருள்பெயர்த்தே தந்துள்ளார். தந்தை பெயரையோ குலதெய்வத்தையோ நினைவூட்டாத இப்பெயர்கள், வேலைக்களத்தில் தூரத்திலிருந்து கூப்பிடப் பயன்படுபவை. நில உடைமையாளரான கவுண்டரின் மகனுக்கு வழங்கும் பெயர் செல்வன். ஒரே வயதினரான இருவரில் ஒருவன் பெயர் உடைமையையும் மகவையும் ஒருசேரக் குறிக்க, மற்றவன் பெயர் உடற்குறையைக் குறிக்கிறது.

நாவலின் தலைப்பு இப்பெயரிடலின் அடுத்த படிநிலையைக் காட்டுகிறது. ‘மாதாரி’ என்பது கொங்குப் பகுதியில் அருந்ததியரைக் குறிக்க வழங்கும் சொல். ‘கூளையன்’ என்ற அழைப்புப் பெயரோடு அது சேரும்போது ‘கூளமாதாரி’ பிறக்கிறது. சிறுவன் வளர்ந்தால் அடையவிருக்கும் பெயர் அது. வளர்ச்சி நாவலின் தலைவன் கதையின் இறுதியில் ஒரு தொழிலையோ பெயரையோ ஈட்டுவான். இங்கு அந்தப் பெயர் கதை தொடங்குமுன்னரே நூலின் முகப்பில் எழுதப்பட்டுவிட்டது. வளர்தல் என்பது ஏற்கெனவே வகுக்கப்பட்ட இடத்தில் சென்று அமர்தல் என்ற பொருளைத் தலைப்பே தந்துவிடுகிறது.

ஆண்டுக்கணக்கு: 1933ஆம் ஆண்டுச் சட்டமும் பண்ணய வழக்கமும்

கூளையன் ஆடு மேய்ப்பதற்காகக் கவுண்டரிடம் விடப்பட்டவன். அவனுக்குச் சோறும் துணியும் பண்ணயத்தில். அவன் உழைப்புக்கான தொகை பெற்றோர்க்கு உரியது. வேலையை ஏற்பதும் விடுவதும் அவன் கையில் இல்லை. ஒப்பந்தத்தில் அவன் பொருளே அன்றித் தரப்பினன் அல்லன்.

இத்தகைய ஏற்பாட்டை இந்தியச் சட்டம் அறியாமலில்லை. ஜே. எச். விட்லி தலைமையில் 1929இல் அமைக்கப்பட்ட தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் 1931இல் அறிக்கை அளித்தது. முன்பணம் பெற்றுக்கொண்டு குழந்தைகளின் உழைப்பைப் பெற்றோர் அடகு வைக்கும் வழக்கத்தை அது கண்டறிந்து கண்டித்தது. அதன் விளைவாக 1933இல் குழந்தைகள் உழைப்பு அடகுச் சட்டம் இயற்றப்பட்டது. பதினைந்து அகவை நிரம்பாத குழந்தையின் உழைப்பைப் பணத்திற்கோ பிற பயனுக்கோ ஈடாக ஒப்படைக்கும் உடன்படிக்கை செல்லாது என்று அது கூறியது. உடன்படும் பெற்றோர்க்கு 50 ரூபாய் வரையும், அவரோடு உடன்படுவோர்க்கும் வேலை வாங்குவோர்க்கும் 200 ரூபாய் வரையும் தண்டம் விதித்தது. குழந்தைக்குக் கேடில்லாமல், நியாயமான கூலி தவிர வேறு பயன் கருதாமல், ஒரு வாரத்திற்கு மேற்படாத முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளத்தக்க உடன்படிக்கைகளுக்கு விலக்கும் அளித்தது.

இவ்விலக்கு கவனத்திற்குரியது. உழைப்பையும் அடகையும் பிரிக்கும் கோடாகச் சட்டம் காலத்தையே கொண்டது. ஒரு வாரத்தில் வெளியேற முடிந்தால் அது வேலை, முடியாவிட்டால் அடகு. நாவலின் உலகிலோ கணக்கு ஆண்டிற்கு ஒருமுறை. இடையில் வெளியேற வழியில்லை. ஓடிப்போனாலும் திரும்பக் கொண்டுவந்து விடுவது தந்தையின் பொறுப்பாகிறது. வாங்கிய தொகை குடும்பத்தில் செலவாகிவிட்டதால், மகனை மீட்பதற்கு மகனையே அனுப்ப வேண்டியிருக்கிறது. சட்டத்தின் அளவுகோலில் பார்த்தால் கூளையனின் ஒப்பந்தம் தெளிவான அடகு.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இன்னும் விரிவானது. முன்பணத்திற்கு ஈடாக உழைப்புச் சுதந்திரத்தை இழத்தலை அது கொத்தடிமையாக வரையறுத்து, அக்கடன்களை நீக்கியது. ஆயினும் சட்டத்தின் கண்ணில் கொத்தடிமையாகத் தெரிவது ஊர் வழக்கில் ‘ஆள் விடுதல்’ என்றே தெரிந்தது. அங்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் அதனைக் குற்றமாகக் கருதவுமில்லை. நாவல் இச்சட்டங்களில் எதனையும் எடுத்துப் பேசாமலே கூளையனின் நாள்களைச் சொல்லிச் செல்கிறது. சட்டம் ஊருக்குள் வந்து சேராத நிலையே அக்கதைக்களம்.

டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ (1837–39) இங்கு ஒப்பிடத்தக்கது. அனாதைச் சிறுவனைப் பணியாளாக ஏற்போருக்கு ஐந்து பவுன் தருவதாக அங்குத் திருச்சபை வட்டம் அறிவிக்கிறது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்திற்குப் பின்னான இங்கிலாந்தில் குழந்தை ஒரு பொதுச் செலவு. அதனைத் தள்ளிவிடப் பணம் தரப்பட்டது. கொங்குப் பண்ணயத்தில் குழந்தை ஒரு வரவு. அதனைப் பெறப் பணம் தரப்பட்டது. முதலாவதில் புறக்கணிப்பு என்பது கைவிடுதல். இரண்டாவதில் பெற்றோர் கைவிடவில்லை. அவர்களின் வறுமையே பிள்ளையை அவர்களிடமிருந்து அகற்றுகிறது. ‘புறக்கணிக்கப்பட்ட குழந்தை’ என்ற தொடரைத் தமிழ்ச் சூழலுக்குப் பொருத்தும்போது இவ்வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும்.

பொழுதின் அளவு

குழந்தைத் தொழிலாளர் (தடுப்பு மற்றும் முறைப்படுத்தல்) சட்டம் 1986இல் வந்தது. பதினான்கு அகவை நிரம்பாதோரைப் பட்டியலிட்ட தொழில்களிலும் செயல்முறைகளிலும் மட்டும் அது தடைசெய்தது. தீப்பெட்டி, பட்டாசு, பீடி, கம்பள நெசவு போன்றவை அப்பட்டியலில் இருந்தன. ஆடு மேய்த்தல் இல்லை. பட்டியலுக்கு வெளியே வேலை தடுக்கப்படவில்லை, முறைப்படுத்தப்பட்டது. இடைவேளையும் காத்திருப்பும் உட்பட நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்திற்கு மேற்படலாகாது, இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கலாகாது என்பன அதன் விதிகள்.

இவ்விதிகளை நாவலின் ஒரு நாளோடு வைத்துப் பார்க்கலாம். விடியுமுன் சிறுவனின் வேலை தொடங்குகிறது. கட்டுத்தறியைச் சுத்தம்செய்து, ஆடுகளை ஓட்டிச் சென்று, வெயில் தாழும்வரை மேட்டுக்காட்டில் நின்று, மாலையில் திரும்புகிறான். இரவில் அவன் வீட்டிற்குச் செல்வதில்லை. பட்டியில் ஆடுகளுக்குக் காவலாகப் படுக்கிறான். உறக்கமே வேலையின் ஒரு பகுதியாகும்போது, ஆறு மணி நேரம் என்ற அளவை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? மேய்ப்புத் தொழிலில் வேலைக்கும் ஓய்விற்கும் இடையே கோடில்லை. ஆடு மேயும்போது சிறுவன் விளையாடவும் கூடும். நாவலின் மகிழ்ச்சியான பகுதிகள் அனைத்தும் இவ்விடைவெளியில்தான் நிகழ்கின்றன. பனையும் கிணறும் காடும் அச்சிறுவர்களின் ஆட்டக்களமாகின்றன. ஆனால் ஆட்டத்தில் கவனம் சென்ற அதே நொடியில் ஓர் ஆடு பிறர் வெள்ளாமையில் வாய் வைத்தால் ஆட்டம் குற்றமாகிவிடும். குழந்தைமை தண்டனைக்குரிய கவனக்குறைவாக மாறும் இடம் இது.

தேங்காய் திருடியதற்காகக் கூளையன் கிணற்றில் தலைகீழாகத் தொங்கவிடப்படும் நிகழ்ச்சி இதன் உச்சம். பசியும் குறும்பும் கலந்த சிறுவர் செயலொன்றுக்கு, அடிமைப்பட்ட ஆளுக்குரிய தண்டனை தரப்படுகிறது. வேலைக்கு ஆளாகவும் உணவுக்குச் சிறுவனாகவும் நடத்தப்பட்டவன், குற்றத்திற்கு மீண்டும் ஆளாகிறான்.

இரு பால்யங்கள்

கூளையனுக்கும் செல்வனுக்கும் இடையிலான நட்பே நாவலின் நடுநரம்பு. பட்டியில் இரவில் உடனிருப்பதும் சேர்ந்து திரிவதும் அவர்களைச் சமமானவர்களைப் போல் தோன்றச் செய்கின்றன. பகலில் ஒருவன் பள்ளிக்கும் மற்றவன் காட்டிற்கும் பிரிகிறார்கள். தமிழகக் கல்வி வரலாற்றின் முதன்மையான விவாதம் ஒன்று இப்பிரிவினையில் அடங்கியிருக்கிறது.

1953இல் இராஜாஜி அரசு அறிமுகப்படுத்திய தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்க வழிசெய்தது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் முதல்வரான பின் அது கைவிடப்பட்டது. மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவனிடம் ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை என்று காமராசர் கேட்டதாகவும், சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் பரவலாகச் சொல்லப்படும் செய்தி, 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தின் தோற்றக் கதையாகவே நிலைத்துவிட்டது. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தியது.

அத்தோற்றக் கதையில் மேய்ச்சற் சிறுவனின் தடை பசி மட்டுமே. சோறு கிடைத்தால் அவன் பள்ளிக்கு வந்துவிடுவான் என்பது அதன் நம்பிக்கை. பல இலட்சம் குழந்தைகளைப் பொறுத்தவரை அது மெய்ப்பட்டது. கூளையனின் தடை வேறு. அவனுக்குச் சோறு பண்ணயத்தில் கிடைக்கிறது. அவனிடம் இல்லாதது அவனுடைய பகற்பொழுது. அது ஏற்கெனவே ஓராண்டிற்கு விற்கப்பட்டுவிட்டது. மதிய உணவால் மீட்க இயலாத குழந்தை ஒருவன் உண்டு என்பதை நாவல் காட்டுகிறது.

செல்வன் வளர வளர, தான் யார் என்பதை அறிந்துகொள்கிறான். நண்பனாக இருந்தவன் எசமானனின் மகனாகிறான். கூளையனும் அதே பாடத்தை மறுமுனையிலிருந்து கற்கிறான். ஆகவே இந்நாவலில் வளர்பவர் ஒருவரல்லர், இருவர். இருவரும் கற்பது சாதியை. கிணற்றில் நிகழும் முடிவு அந்நட்பைத் திரும்பப் பெற முடியாததாக்குகிறது. மீட்பில்லாத முடிவு என்று இதனைக் குறைகூறுவோர் உண்டு. மீட்பதற்கான வாயில்கள் ஒவ்வொன்றும் முன்னரே அடைக்கப்பட்டிருப்பதை நோக்கினால், இம்முடிவு கதையின் தருக்கத்திலிருந்தே எழுவது புலனாகும்.

மலைச்சரிவின் சட்டம்: ஓர் ஒப்பீடு

கொங்கு மேட்டுநிலத்திற்குத் தெற்கே, தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரும் பொட்டிபுரம் போன்ற அடிவார ஊர்களும் மற்றொரு வகை உழைப்புச் சூழலைக் காட்டுகின்றன. இங்கும் மானாவாரி வேளாண்மையும் ஆடு மாடு மேய்ப்பும் உண்டு. அதனோடு மலைமேல் ஏலத்தோட்ட வேலையும் உண்டு. அடிவார ஊர்களின் ஆணும் பெண்ணும் விடியுமுன் ஜீப்புகளில் போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். மலையில் விளைந்த ஏலம் போடிநாயக்கனூரில் ஏலம் விடப்படுகிறது. சாலைகள் பெருகுமுன் தலைச்சுமையாகவும் கழுதை மேலும் சரக்கு மலைப்பாதைகளில் ஏறி இறங்கிய வாழ்வை லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) திரைப்படம் பதிவுசெய்தது.

தோட்டம் சட்டத்தின் பார்வைக்கு முன்பே வந்துவிட்ட இடம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பன்னிரண்டு அகவை நிரம்பாதோரை வேலைக்கமர்த்தத் தடைவிதித்தது. குழந்தைக் காப்பகம், பள்ளி வசதி ஆகியவற்றையும் உரிமையாளர் கடமையாக்கியது. ஆனால் முதலில் அது தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா ஆகிய பயிர்களையே பெயர் சொல்லிக் குறித்தது. 25 ஏக்கர் பரப்பும் 30 ஆட்களும் இருக்க வேண்டும் என்றது. 1981ஆம் ஆண்டுத் திருத்தமே ஏலத்தையும் சேர்த்து, அளவை 5 ஹெக்டேர், 15 ஆட்கள் எனக் குறைத்தது. குழந்தைக்குக் காப்பு கிடைப்பது அதன் அகவையால் மட்டும் அன்று. தாய் பறிக்கும் பயிர், தோட்டத்தின் பரப்பு, உடன் வேலைசெய்வோர் தொகை ஆகியவற்றாலும் முடிவாயிற்று.

இதிலிருந்து இரு செய்திகள் பெறப்படும். முதலாவது, தோட்டக் குடியிருப்பில் வாழும் தொழிலாளிக்காக எண்ணப்பட்ட காப்பகமும் பள்ளியும், அன்றாடம் மலையேறி இறங்கும் அடிவாரத் தாயின் குழந்தைக்குப் பொருந்துவதில்லை. தாய் மலையில், குழந்தை ஊரில். மூத்த பெண்பிள்ளையே இளையவர்க்குத் தாயாகிறாள். கூலியில்லாத இவ்வேலை எப்பட்டியலிலும் இடம்பெறாது. இரண்டாவது, ஒரே குடும்பத்தில் மலைக்குச் செல்பவர் சட்டத்தின் எல்லைக்குள்ளும், அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் சிறுவன் அதற்கு வெளியேயும் நிற்க நேர்ந்தது. கூளையனின் மேட்டுக்காடும் இந்த அடிவாரமும் இவ்வகையில் ஒத்தவை. பல முதலாளிகள், சிதறிய ஆட்கள், எழுதப்படாத ஒப்பந்தம் என அமைந்த இடங்களில் ஆய்வாளர் நுழைவதற்கு வாயிலே இல்லை.

இந்திய மரபில் ‘கூளமாதாரி’யின் இடம்

முல்க் ராஜ் ஆனந்தின் ‘கூலி’ (1936), 1933ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மூன்றாண்டுகளில் வெளிவந்தது. காங்க்ரா மலைப்பகுதிச் சிறுவன் முன்னூ வீட்டு வேலை, ஊறுகாய்ப் பட்டறை, பம்பாய்ப் பஞ்சாலை எனப் பல இடங்களைக் கடந்து சிம்லாவில் காசநோயால் இறக்கிறான். முன்னூவின் வாழ்வு இடப்பெயர்ச்சியால் ஆனது; ஒவ்வொரு இடமும் ஒரு பாடம். கூளையனோ இடம்பெயர்வதில்லை. ஒரே மேட்டுக்காட்டில் பருவங்கள் மட்டும் மாறுகின்றன. பயணத்தால் வளரும் தலைவனின் இடத்தில், அசைய முடியாத தலைவனை நிறுத்தியது இந்நாவலின் புதுமை.

பூமணியின் ‘வெக்கை’ (1982) மற்றொரு எல்லை. பதினைந்து அகவைச் சிதம்பரம், அண்ணனின் கொலைக்குப் பழிவாங்கிவிட்டுத் தந்தையோடு காட்டில் மறைந்து திரியும் சில நாள்களில் ஆளாகிறான். அவனுக்குத் தந்தை உடனிருக்கிறார். காக்க நிலமும் உறவும் இருக்கின்றன. கூளையனுக்கு அம்மூன்றும் அருகில் இல்லை. பூமணி பின்னர் இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ திரைப்படம் தீப்பெட்டித் தொழிலில் உழலும் குழந்தைகளைக் காட்டியது. சிவகாசிக் குழந்தைகள் பற்றிய எம். சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்து, இடர்மிகு தொழிலில் குழந்தையை அமர்த்தும் முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. தொழிற்சாலைக் குழந்தை நீதிமன்றத்தையும் திரையையும் எட்டிய அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் மேய்ச்சற் குழந்தை நாவலுக்குள் வந்தது.

முடிவுரை

2010இல் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 அகவை வரையிலான குழந்தையின் பகற்பொழுதைப் பள்ளிக்கு உரியதாக்கியது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டியல் முறையைக் கைவிட்டு, பதினான்கு அகவைக்குட்பட்டோரை எல்லாத் தொழிலிலும் அமர்த்தத் தடைவிதித்தது. பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்களித்தது. கூளையன் போன்ற சிறுவனைக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் முழுமையாகக் கண்டுகொண்டது நாவல் வெளிவந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னரே. எஞ்சியிருக்கும் குடும்ப விலக்கு, 1953ஆம் ஆண்டின் விவாதத்தை வேறுருவில் மீண்டும் திறந்து வைத்திருக்கிறது.

சட்டம் ‘எத்தனை வயது’ என்று கேட்டது. பண்ணயம் ‘எத்தனை ஆண்டு’ என்று கேட்டது. முதல் வினாவுக்கு விடையாகும் வயதைக் காட்டும் பள்ளிப் பதிவேடு கூளையனிடம் இல்லை. இரண்டாம் வினாவுக்கான விடை அவன் தந்தையின் கையில் ஏற்கெனவே செலவாகிவிட்டது. இவ்விரு வினாக்களுக்கும் நடுவே, ஆடுகளைப் பெயர் சொல்லி அழைத்து, பனைநிழலில் விளையாடி, கிணற்று நீரை அஞ்சிய ஒரு சிறுவனின் பொழுதை நாவல் காத்து வைத்திருக்கிறது. குழந்தை உழைப்பின் வரலாற்றை எழுத முனைவோர் சட்டத் தொகுப்புகளோடு இத்தகைய நாவல்களையும் உடன்வைத்துப் படிப்பது, புள்ளிவிவரத்துள் அடங்காத அப்பொழுதை வரலாற்றுக்குள் கொண்டுவரும் வழியாகும்.